கோனாவும் புனாவும்: இரு படைகளுக்கிடையே ஒரு கடற்கரை

சென்ற ஆண்டில் ஒருநாள், நாம் தமிழ் கற்பிக்கும் வகுப்பில், இரண்டாம் உலகப் பெரும்போரைப் பற்றிய பேச்சு நிகழ்ந்தபொழுது, பழைய புகைப்படம் ஒன்றை மாணாக்கர்க்குக் காட்ட நேர்ந்தது. கண்களைத் துணியாற் கட்டிய வெள்ளைக்காரப் போர்வீரன் ஒருவன் கோலூன்றித் தடுமாறி நடந்து வருகின்றான். சுருண்ட மயிரும் கரிய மேனியும் உடைய மனிதர் ஒருவர், குழந்தையை நடத்தி வருவார் போல, அவனைத் தாங்கி மெல்ல அழைத்து வருகின்றார். 1942-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 25-ஆம் நாள், பப்புவா நாட்டின் வடகடற்கரையிலுள்ள புனா என்னும் ஊரின் அருகே, ஜார்ஜ் சில்க் என்பார் எடுத்த படம் அது என்றும், வீரன் பெயர் ஜார்ஜ் விட்டிங்டன் என்றும் கூறினோம். பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, “ஐயா, அழைத்து வருபவர் பெயர் யாது?” என்று வினவினான். நமக்கு அது தெரியவில்லை. படத்தைப் பலமுறை பார்த்திருந்தும் அவ்வினா நம் உள்ளத்தில் ஒருநாளும் எழுந்திலதே என்று நாணினோம்.

அவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்து, அக்கடற்கரையின் போர்க்கால வரலாற்றை ஒருவாறு கற்றோம். கற்றவற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அறிதல் நலமெனக் கருதி ஈண்டு எழுதுகின்றோம். எங்கோ கிடக்கும் தீவின் கதை நமக்கு எற்றுக்கு என்பார், இக்கட்டுரையின் இறுதிவரை பொறுத்தருள்க.

நிலமும் குடிகளும்

ஆஸ்திரேலியாவிற்கு வடக்கே நியூகினி என்னும் பெருந்தீவு உளது. அதன் தென்கிழக்குப் பகுதியே பப்புவா. 1884-இல் ஆங்கிலேயர் அதனைத் தம் பாதுகாப்பிற்குட்படுத்தினர். 1906 முதல் அஃது ஆஸ்திரேலியரால் ஆளப்பட்டது. 1975-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் பப்புவா நியூகினி என்னும் விடுதலை நாடாயிற்று. அந்நாட்டை வடக்குந் தெற்குமாகப் பிரித்து, ஓவன் ஸ்டான்லி என்னும் மலைத்தொடர் சுவர்போல் நிற்கின்றது. தெற்கே தலைநகராகிய மோர்ஸ்பி துறைமுகம். வடக்கே நாம் கூறப்புகுந்த கடற்கரை.

இக்கடற்கரையில் மேற்கே கோனாவும், கிழக்கே புனாவும், இடையே சனானந்தாவும் உள்ளன. கோனாவிற்கும் புனாவிற்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழப் பதினாறு கிலோமீட்டர். நம் நூலோர் வகுத்த நெய்தல் நிலத்தை ஒத்ததெனினும், மணற்பரப்பைக் கடந்து சிறிது தூரம் உட்சென்றால் சதுப்பு நிலமே. கரையோரம் தென்னைகள், உள்ளே சவ்வரிசி மரக்காடுகளும், ஆள் உயரத்திற்கு மேல் வளரும் புல்வெளிகளும். மழையும் மலேரியாவும் அந்நிலத்துக்கு இயல்பு.

அங்கும் அதன் உள்நாட்டிலும் வாழ்வார் ஓரோகைவரும் அவரை அடுத்த கடற்கரைக் குடிகளும் ஆவர். சேம்பங்கிழங்கு பயிரிட்டும், பன்றி வளர்த்தும், மீன் பிடித்தும் வாழ்ந்தனர். அரசாங்கத்தின் மானிட நூலறிஞராகிய எஃப். இ. வில்லியம்ஸ் என்பார் அவர் வாழ்க்கையை ஆராய்ந்து, 1930-இல் ‘ஓரோகைவ சமுதாயம்’ என்னும் பொருளுடைய பெயரால் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். அம்மக்களுக்கு அரசனில்லை, ஒவ்வோர் ஊரும் தன் மூத்தோர் சொற்கேட்டு நடந்தது, ஊருக்கும் ஊருக்கும் உறவுமுண்டு, பழம்பகையுமுண்டு.

வெள்ளையர் வருகை அமைதியாக நிகழ்ந்ததன்று. அந்நாட்டின் உட்பகுதிகளிற் பொன் உண்டெனக் கேட்டுத் தோண்டுவோர் வந்தனர். 1897-இல் ஜான் கிரீன் என்னும் அரசாங்க அதிகாரி அவ்வட்டாரத்து மக்களாற் கொல்லப்பட்டார். அதன்பின் தண்டனைப் படைகள் ஊர்களுட் புகுந்தன. துப்பாக்கி உடையான் சொல்லே சட்டம் என்னும் பாடத்தை அம்மக்கள் அன்றே கற்றனர். பின்னர் நிகழ்ந்தவற்றை அறிதற்கு இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

காலப்போக்கில் புனாவில் அரசாங்க நிலையம் ஒன்று அமைந்தது. அதற்கருகே துரோபா, கிரோபா என்னும் தென்னந்தோட்டங்கள் எழுந்தன. கொப்பரையே கடற்கரையின் வாணிகப் பொருளாயிற்று. கோனாவிலோ ஆங்கிலிக்கன் திருச்சபையாரின் மிஷன் நிலையம் இருந்தது. அத்திருச்சபையின் பணி, 1891-இல் டோகுரா என்னுமிடத்தில் மக்லாரன், கோப்லண்டு கிங் என்னும் இருவரால் தொடங்கப்பெற்றது. கோனாவிற் சிறு கோயில், பள்ளி, மருந்து கொடுக்குமிடம் ஆகியவை இருந்தன. போர் மூண்டபொழுது ஜேம்ஸ் பென்சன் என்னும் குருவும், மே ஹேமன் என்னும் செவிலியும், மேவிஸ் பார்க்கின்சன் என்னும் ஆசிரியையும் அங்கே பணிபுரிந்தனர்.

போர் வந்த வழி

1941 டிசம்பரில் ஜப்பானியர் போரில் இறங்கினர். 1942 ஜனவரி 23-இல் நியூபிரிட்டன் தீவிலுள்ள ரபால் துறைமுகமும், பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் அவர் கைப்பட்டன. ஏப்ரல் 6-இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் வீழ்ந்தன. சென்னை மாநகரத்தார் பல்லாயிரவர் மூட்டை முடிச்சுகளோடு உள்ளூர்களுக்கு ஓடியதும் அம்மாதத்திலேயே. நம் முன்னோர் அஞ்சிய அந்தப் படையெடுப்பு நம் கரைக்கு வந்திலது. கோனாக் கரைக்கோ வந்தது.

மோர்ஸ்பி துறைமுகத்தைக் கடல்வழியாகப் பற்றவே ஜப்பானியர் முதலில் முயன்றனர். 1942 மே மாதம் 4 முதல் 8 வரை நிகழ்ந்த பவளக் கடற்போரில் அம்முயற்சி தடைப்பட்டது. ஆகவே வடகரையில் இறங்கி, கொக்கோடா என்னும் ஊர்வழியாக மலைத்தொடரைக் கடந்து தெற்கே செல்லத் துணிந்தனர். அவ்வழியின் வாயிலாக அமைந்தமையே புனாவும் கோனாவும் செய்த குற்றம். அங்கே கோட்டையில்லை, பெருநகரில்லை, அரும்பொருளும் இல்லை. ஓர் ஒற்றையடிப் பாதையின் தொடக்கத்தில் அவ்வூர்கள் இருந்தன, அவ்வளவே.

ஆபத்து அணுகுதலை அறிந்து, வெள்ளையர் பலர் ஆஸ்திரேலியாவிற்குச் சென்றுவிட்டனர். அத்திருச்சபையின் அத்தியட்சராகிய பிலிப் ஸ்ட்ராங் என்பார், 1942 ஜனவரி 31-இல், வானொலி வாயிலாகத் தம் ஊழியர்க்குப் பேசி, நம்மை நம்பிய மக்களைக் கைவிட்டுச் செல்லுதல் தகாது என்று அறிவுறுத்தினார். ஊழியர் பலர் அவ்வாறே தங்கினர். அம்முடிவு அறமா, அறிவின்மையா என்பதைப் பற்றிப் பிற்காலத்தார் இருவேறு வகையாகப் பேசுவர். தம் உயிரையே பணயமாக வைத்துத் தங்கினார் என்பதில் ஐயமில்லை.

ஜூலை மாதம் 21-ஆம் நாள் மாலையில், கோனாவுக்கெதிரே கடலில் ஜப்பானியக் கப்பல்கள் தோன்றின. குண்டு முழக்கம் எழுந்தது. பென்சன் குருவும் இரு பெண்டிரும் கையிற் கொண்ட சிறு பொருள்களோடு காட்டுட் புகுந்தனர். கப்பலிலிருந்து இறங்கினார் ஜப்பானியர் மட்டுமல்லர். ரபாலிலிருந்து சுமை தூக்குதற்கென வலிந்து கொணரப்பட்ட தீவு மக்களும் அவருடன் இருந்தனர். இரண்டு நாள் கழித்து, ஜூலை 23-இல், அவாலா என்னுமிடத்தில், பப்புவக் காலாட்படையினர் வந்த படையை முதன்முதல் எதிர்த்துச் சுட்டனர். பப்புவா நியூகினி மக்கள் இன்றும் ஜூலை 23-ஆம் நாளையே தம் வீரர் நினைவு நாளாகப் போற்றி வருகின்றனர்.

அடைக்கலமும் காட்டிக்கொடுத்தலும்

இனிக் கூறப்போவது துயரமான பகுதி. இதனை மறைத்தெழுதுவார் பலர். ஒருபுறமாக எழுதுவார் அவரினும் பலர். நாம் அறிந்தவாறே கூறுகின்றோம்.

காட்டுட் புகுந்த மூவரும் சில நாள் ஊராரால் மறைத்து வைத்து உணவளிக்கப்பெற்றனர். பின்னர், தப்பிச் செல்ல முயன்ற வீரர் சிலரோடு சேர்ந்து நடந்தபொழுது ஜப்பானியர் தாக்கினர், அனைவரும் சிதறினர். பென்சன் வழிதப்பிப் பகைவர் கைப்பட்டு, ரபாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, போர் முடியும்வரை சிறையிருந்தார். ஹேமனும் பார்க்கின்சனும் ஊரார் சிலராற் காட்டிக்கொடுக்கப்பட்டு, போப்பொண்டெட்டாவுக்கு அருகே, துப்பாக்கி முனையிற் பொருத்திய ஈட்டிகளாற் குத்திக் கொல்லப்பட்டனர். உள்நாட்டுச் சங்காரா மிஷனைச் சார்ந்த ஊழியரும் தோட்டத்தைச் சார்ந்த குடும்பத்தாருமாகிய வேறு பலர், சிறுவன் ஒருவன் உட்பட, அவ்வாறே ஒப்புவிக்கப்பட்டனர். அவருட் பலர் ஆகஸ்டு மாதத்திற் புனாக் கடற்கரையில் வாளுக்கிரையாயினர்.

சங்காரா மிஷனில் லூசியன் தபியேதி என்னும் பப்புவ ஆசிரியர் ஒருவர் இருந்தார். வயது இருபதை ஒட்டியது. தம்முடன் பணிபுரிந்த வெள்ளையரைத் தனியே விடேன் என்று உடன் சென்றார். வழியில் ஹிவிஜபா என்னும் ஓரோகைவர் ஒருவராற் கோடரிக்கிரையானார். கொன்றவர் பின்னாளிற் கிறிஸ்தவராகி, தாம் கொன்றவர் பெயரையே தம் பெயராகச் சூடி, எம்பி என்னும் ஊரிற் கோயிலும் எடுத்தார். 1998-இல் இலண்டனிலுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் மேற்கு வாயிலில், இருபதாம் நூற்றாண்டில் நம்பிக்கையின் பொருட்டு உயிர் கொடுத்தார் பதின்மருக்குச் சிலை எடுத்தபொழுது, அவருள் ஒருவராக இவ்வாசிரியரும் நின்றார். ஆசிரியத் தொழில் செய்வார் எவரும் இவ்விளைஞர் பெயரைக் கேட்டுத் தலைவணங்குவர் என்பது திண்ணம்.

நிற்க. ஆஸ்திரேலியர் அந்நிலத்தை மீட்டபின், 1943-இல், இராணுவ ஆட்சியினர், ஜப்பானியருக்கு உதவினார், மிஷனாரைக் காட்டிக்கொடுத்தார் எனக் குற்றஞ்சாட்டி, ஓரோகைவர் இருபதுக்கு மேற்பட்டோரை ஹிகத்துரு என்னுமிடத்தில் ஊரார் கண்முன் தூக்கிலிட்டனர். அது போர்க்காலத்து இராணுவ நீதி.

அவர் செய்தது கொடிது. நிராதரவாக வந்த பெண்டிரைக் கொலைஞர் கையில் ஒப்புவித்தலை எவ்வறமும் ஏலாது. ஆயினும், துரோகம் என்னும் சொல்லை அவர்மேல் ஏற்றுமுன் சிறிது நின்று எண்ணுதல் வேண்டும். யாருக்குத் துரோகம்? தம்மை ஆண்ட அரசாங்கத்தின் அதிகாரிகள் சில நாள்களில் அகன்றுவிட்டனர். புதிய படை வந்து நின்றது. அதன் வலிமை கண்கூடு. துப்பாக்கி உடையானே ஆள்வான் என்று முன்னைய ஆட்சியினரே நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கற்பித்திருந்தனர். அந்நியரை ஒளித்து வைத்த ஊர் எரிக்கப்படும் என்னும் அச்சம் ஒருபுறம், பழைய ஆட்சியின்மேற் கொண்ட மனக்கசப்பு ஒருபுறம், ஊர்ப்பகை ஒருபுறம். ஒப்புவித்தவரும், அவரைத் தூக்கிலிட்டவரும், ஒளித்து வைத்து உணவளித்தவரும் எல்லாரும் ஒரே போரின் நெருக்கத்தில் நின்றவரே. அந்நெருக்கத்தில் உயிரைத் துச்சமாக்கி அடைக்கலம் அளித்தாரும் அதே ஓரோகைவர் என்பதை மறத்தல் நன்றன்று. அவ்வாறு அளித்தார் பெரும்பாலார் பெயரும் ஏட்டில் ஏறிற்றில்லை.

தென்னந்தோட்டம் போர்க்களமானது

கொக்கோடா வழியே சென்ற ஜப்பானியர் செப்டம்பர் மாதத்தில் மோர்ஸ்பி துறைமுகத்தை அணுகினர். ஆயினும் உணவின்றியும், ஆஸ்திரேலியர் எதிர்ப்பாலும், பின்வாங்க நேர்ந்தது. நவம்பர் 2-இல் கொக்கோடா மீட்கப்பட்டது. அவர்தம் படைத்தலைவர் ஹோரி என்பார் பின்வாங்குங்கால் நீரில் மூழ்கி இறந்தார். எஞ்சினோர் தாம் இறங்கிய கடற்கரையிலேயே அரண் செய்துகொண்டனர்.

அவ்வரணுக்குப் பொருளாயவை அத்தோட்டத்துத் தென்னைகளே. நிலத்தை இரண்டு மூன்று அடி தோண்டினால் நீர் ஊறும். ஆதலின் ஆழ்ந்த பதுங்குகுழி அமைத்தற்கு இயலாது. தென்னையை வெட்டித் துண்டாக்கி, அடுக்கிச் சுவராகவும் கூரையாகவும் அமைத்து, மேலே மண்ணிட்டு, புல்லும் கொடியும் படர்த்து, அருகே நின்றாலும் தெரியாதபடி மேடுகளாக்கினர். நார்ச்செறிந்த தென்னை மரத்தைச் சிறு துப்பாக்கிக் குண்டுகள் துளைக்கமாட்டா. உழவர்க்கு நிழலும் உணவும் கூரையும் கயிறும் அளித்த மரம், கொலைத்தொழிலுக்கு மதிலாயிற்று. கன்றூன்றிப் பலனெடுக்க ஏழெட்டு ஆண்டு காத்திருக்கும் வழக்கம் நம் தஞ்சைக் கரையினருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் தெரியும். அத்தோட்டங்கள் சில வாரங்களில் மொட்டைக் கட்டைகளாயின.

நவம்பர் 19-இல் அமெரிக்கரின் 32-ஆம் டிவிஷன் புனாவைத் தாக்கத் தொடங்கிற்று. ஆஸ்திரேலியர் கோனாவையும் சனானந்தா வழியையும் தாக்கினர். பகைவர் சிலரே உளர், எளிதில் வென்றுவிடலாம் என்று தலைமையிடத்தார் எண்ணியது பெரும்பிழையாயிற்று. பீரங்கியும் டாங்கியுமின்றிக் காலாட்களே அம்மேடுகளின்மேற் பாய்ந்து வீழ்ந்தனர். நவம்பர் இறுதியில், தளபதி மக்ஆர்தர், ஐச்சல்பர்கர் என்னும் தளபதியை அழைத்து, புனாவைக் கைப்பற்றுக, அன்றேல் உயிரோடு மீளற்க என்னும் பொருள்படக் கட்டளையிட்டனுப்பினார். வெளியூரிலிருந்து வந்த கட்டளைகள் அச்சிறு கரையை மேன்மேலும் இறுக்கின.

டிசம்பர் 9-இல் கோனா ஆஸ்திரேலியர் வசமாயிற்று. அவர் அங்கு அடக்கஞ் செய்த ஜப்பானியப் பிணங்கள் 638. ஆஸ்திரேலியர் தரப்பில் இறந்தாரும் காயமுற்றாரும் காணாதொழிந்தாருமாகச் சுமார் 750 பேர். பள்ளிச் சிறுவர் ஆடிய இடம் பிணக்காடாயிற்று. டிசம்பர் 14-இல் புனா ஊர் வீழ்ந்தது. டிசம்பர் 18-இல் உட்டன் என்னும் தளபதியின்கீழ் ஆஸ்திரேலியர், இலகுவான டாங்கிகளோடு துரோபாத் தோட்டத்துட் புகுந்து, மேடு மேடாகப் பொருது முன்னேறினர். 1943 ஜனவரி 2-இல் புனா அரசாங்க நிலையமும், ஜனவரி 22-இல் சனானந்தாவும் வீழப் போர் ஓய்ந்தது.

ஈண்டு ஒரு சிறு செய்தியைக் குறித்தல் வேண்டும். அமெரிக்கப் படையினர் தம் படங்களிலும் அறிக்கைகளிலும் புனா அரசாங்க நிலையத்தைப் ‘புனா மிஷன்’ என்றே எழுதினர். அங்கே மிஷன் இருந்ததில்லை. மிஷன் இருந்தது கோனாவில். ஓராயிரம் உயிர் கொடுத்துப் பற்றிய இடத்தின் பெயரையே தவறாக எழுதினர். உள்ளூர் மனிதர் ஒருவரைக் கேட்டிருந்தால் திருத்தியிருப்பார், கேட்பாரில்லை.

ஜூலை முதல் ஜனவரி வரை பப்புவாவில் நிகழ்ந்த அப்போரில் மாண்ட ஆஸ்திரேலியர் 2,165, அமெரிக்கர் 930, ஜப்பானியர் சுமார் 12,000. மலேரியா முதலிய நோய்களால் வீழ்ந்தார் தொகை குண்டடிபட்டார் தொகையினும் பன்மடங்கு. இவ்வெண்களுக்கருகே நான்காவது எண் ஒன்று இருத்தல் வேண்டும். அந்நிலத்து மக்களுள் இறந்தார் எத்தனைபேர்? அத்தொகையை முறையாகக் கணக்கிட்டார் எவருமிலர்.

சுமை தாங்கினார்

மத்தளத்துக்கு இருபுறமும் அடி என்பது நம் பழமொழி. இரு படைகளும் அம்மக்களின் பன்றியையும் கிழங்கையும் கொண்டன. இரு படைகளும் அவர் தோள்களையும் கொண்டன. 1942 ஜூன் மாதத்தில் ஆஸ்திரேலிய இராணுவ ஆட்சி, உள்நாட்டாரைக் கட்டாயமாக வேலைக்கெடுக்கும் ஆணையைப் பிறப்பித்தது. ஊர்களிலிருந்து ஆடவர் திரட்டிக் கொண்டுசெல்லப்பட்டனர். வயலில் வேலை செய்ய ஆளில்லாமற் பெண்டிரும் முதியோரும் பசியால் வாடினர். பப்புவா, நியூகினி இரண்டிலுமாக, 1944-இல் இவ்வாறு உழைத்தார் தொகை 37,000-க்கு மேற்பட்டது.

அரிசியையும் குண்டுகளையும் சேற்றிலும் மலையிலும் முன்னணிக்குச் சுமந்தார் அவரே. மீளுங்கால், கழிகளிற் கம்பளம் கட்டிய டோலிகளிற் காயமுற்ற வீரரைச் சுமந்து வந்தாரும் அவரே. செங்குத்தான சரிவிலும் டோலி சாயாமல் ஏந்தி, மழையில் தாம் நனைந்து நோயாளி நனையாமற் காத்து, இரவில் இருபுறமும் விழித்திருந்தனர் என்று ஆஸ்திரேலிய வீரர் தம் இல்லத்தாருக்கு எழுதினர். பெரோஸ் என்னும் வீரர், அவரைச் சுருள்மயிர்த் தேவதூதர் எனப் புகழ்ந்து பாட்டொன்று எழுதினார். அது 1942-இல் ஆஸ்திரேலியப் பத்திரிகையில் வந்து வீடுதோறும் பரவிற்று.

அப்புகழ் உள்ளன்பிற் பிறந்ததே. ஆயினும், அவருட் பலர் விரும்பி வந்தவரல்லர். ஓடிப்போனார் தண்டனையும் பெற்றனர். தேவதூதர் என்றால் அவருக்குப் பசியில்லை, கூலியில்லை, பிரிந்துவந்த மனைவி மக்களில்லை என்பதுபோலத் தோன்றும். விரும்பாத வேலைக்கு இழுத்துவரப்பட்டும், நோயுற்ற அந்நியனைக் கண்டபொழுது மனமிரங்கிப் பேணினார் என்பதன்றோ அவர் பெருமை? மனிதர் என்றறிந்து போற்றுதலே அவருக்குத் தக்க மரியாதை.

இனி, நம் மாணாக்கன் வினாவிற்கு வருவோம். அப்புகைப்படத்தில் வீரனை அழைத்து வருபவர் பெயர் ராபேல் ஒயிம்பாரி. அவர் புனாப் பகுதியைச் சார்ந்தவர். படம் 1943 மார்ச்சு மாதத்தில் அமெரிக்கப் பத்திரிகையாகிய ‘லைஃப்’ இதழில் வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. ஒயிம்பாரியின் பெயரோ நெடுங்காலம் கழித்தே உலகிற்குத் தெரிந்தது. விட்டிங்டன் அக்காயத்தினின்றும் தேறியும், உண்ணிக் காய்ச்சலால் 1943 பிப்ரவரியில் மாண்டார். ஒயிம்பாரி 1996 வரை வாழ்ந்து, முதுமையிற் சிறப்புக்களும் பெற்றார்.

போருக்குப் பின்

பென்சன் குரு விடுதலை பெற்று 1946-இற் கோனாவிற்கே மீண்டார். சங்காராவில் மாண்டார் நினைவாக ஒரு பள்ளி எழுந்தது. ஆயினும் அந்நிலத்தின் துயர் அத்தோடு தீர்ந்திலது. 1951 ஜனவரி 21-ஆம் நாள், எரிமலை என்று ஒருவரும் அறியாதிருந்த லாமிங்டன் மலை வெடித்தது. சுமார் 3,000 மக்கள் மாண்டனர். ஹிகத்துருவும் சங்காரா மிஷனும் அழிந்தன. மிஷனாரைக் கொன்ற பாவத்தின் தண்டனை இது என்று ஓரோகைவருட் சிலர் கூறினர். மலை வெடித்தற்குக் காரணம் நிலத்தினுள் உருகிய பாறைக்குழம்பே என்று அறிஞர் கூறுவர், அஃது உண்மை. எனினும், ஒன்பதாண்டு கழிந்தும் அப்பழி அம்மக்கள் நெஞ்சில் எத்துணைச் சுமையாக இருந்தது என்பதை அக்கூற்றுக் காட்டுகின்றது. சுமத்தப்பட்ட சுமைகளுள் அதுவே மிகக் கனமானது போலும்.

ஆஸ்திரேலிய வீரர், மோர்ஸ்பிக்கு அருகே போமானா மயானத்திற் பெயர் பொறித்த கல்லின்கீழ்த் துயில்கின்றனர். ஜப்பானியரும் தம்மவர் எலும்புகளைத் தேடிப் பலமுறை வந்து சென்றனர். சுமையாளர்க்கு, 2009-இல் ஆஸ்திரேலிய அரசாங்கம் நினைவுப் பதக்கங்கள் வழங்கத் தொடங்கிற்று. அறுபத்தாறு ஆண்டு கடந்துவந்த அப்பதக்கத்தைக் கண்டார் சிலர். காணாது மறைந்தார் பலர்.

நாம் கொள்ளத்தக்கது

எங்கோ நிகழ்ந்த இக்கதை நமக்கெதற்கு என்றார்க்கு இப்பொழுது விடை கூறுவோம். அதே போர்க்காலத்தில், மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்கள் பல்லாயிரவரை, ஜப்பானியர் சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசென்றனர். கூலியும் நெல்லும் தருவோம் என்று ஆசைகாட்டி அழைத்தனர்; வாராதாரை வலிந்து பிடித்தனர். காட்டில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டார் தொகை இன்றும் தெளிவாக இல்லை. அப்பாதையில் மாண்ட வெள்ளை வீரர்க்குக் காஞ்சனபுரியிற் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. தமிழர்க்கோ பெரும்பாலும் பெயருமில்லை, கல்லுமில்லை. பர்மாவிலிருந்து கால்நடையாக மீண்டு வழியில் வீழ்ந்தாருக்கும் அவ்வாறே. கோனாக் கரையின் கணக்கிற் காணாத நான்காவது எண், நம் கணக்கிலும் காணவில்லை.

எழுதினார் தம்மவர் பெயரை எழுதினர், அதிற் குற்றமில்லை. எழுதாதார் பெயர் எழுதப்படாதொழிந்தது. ஓரோகைவர்க்கு அக்காலத்தில் ஏடு எழுதும் வழக்கில்லை. பிறர் எழுதியபடி அவர் ஒருகால் தேவதூதரும் ஒருகால் துரோகியும் ஆயினர். இப்பொழுது அந்நாட்டார் தம் முதியோர் வாய்மொழிகளைத் தாமே தொகுத்து வருகின்றனர். நமக்கோ ஈராயிரம் ஆண்டு எழுத்துண்டு. எழுத்திருந்தும் எழுதாமை யாருடைய குறை?

ஆகவே, நம் அன்பர்களை ஒன்று வேண்டுகின்றோம். உங்கள் இல்லங்களில் மலாய் நாடு, பர்மா, இலங்கை முதலிய இடங்களுக்குச் சென்று மீண்டாரையும் மீளாதாரையும் பற்றிய நினைவு இருக்கலாம். பாட்டியார் ஒருவர் கூறிய ஒரு சொல், பெட்டியடியிற் கிடக்கும் ஒரு கடிதம், கப்பற் சீட்டு, மங்கிய படம் எதுவாயினும் ஆகுக. சென்றவர் பெயர், ஊர், ஆண்டு, செய்த தொழில், நிகழ்ந்தது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். புகழ்ந்தெழுத வேண்டா; பழியுண்டாயின் மறைக்கவும் வேண்டா. உள்ளவாறு எழுதுக. அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இவ்வேலைக்கு நாளை என்பது நீண்ட தவணை.

அடுத்த நாள் வகுப்பில், ராபேல் ஒயிம்பாரி என்னும் பெயரைக் கரும்பலகையில் எழுதினோம். வினவிய மாணாக்கன் அதனைத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டு, பின் எழுந்து, “ஐயா, எம் பாட்டனாரின் தமையனார் சயாமுக்குப் போனவராம், அவர் பெயரை வீட்டிற் கேட்டு எழுதி வரட்டுமா?” என்றான். எழுதி வருக என்றோம். அவன் எழுதி வந்த தாள் நம்மிடம் உளது. அதுபோல் நும் இல்லத்திலும் ஒரு தாள் எழுதப்பெறுக.